ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கம்: மெலனோமா ஸ்கேனில் தேடாமல் கிடைப்பவை

உள்ளங்காலில் இருந்த மெலனோமாவை (நிறமிச் செல்லில் தோன்றும் தோல் புற்றுநோய்) வெட்டி எடுத்தாகிவிட்டது. பெட்-சிடி ஸ்கேனும் முடிந்தது. மகள் ரிப்போர்ட்டைப் படித்து அம்மாவுக்குச் சொல்கிறாள்: அறுவை நடந்த இடம் சுத்தம், தொடை இடுக்கில் நெறி கட்டவில்லை. பக்கத்தைப் புரட்டினால் இன்னும் சில வரிகள். ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினால்:

“ரைட் அப்பர் லோப் 5 மி.மீ. நோட்யூல், நாட் எப்.டி.ஜி. அவிட், இன்டிடெர்மினேட். லெப்ட் அட்ரீனல் 18 மி.மீ. நோட்யூல், லைக்லி அடினோமா. போகல் அப்டேக் இன் ரைட் தைராய்டு லோப். சஜஸ்ட் கிளினிக்கல் கோரிலேஷன்.”

மெலனோமாவைத் தேடிப் போன இடத்தில் நுரையீரல், அட்ரீனல் (சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பி), தைராய்டு என்று மூன்று புள்ளிகள் தட்டுப்பட்டிருக்கின்றன. இப்படிப்பட்ட புள்ளிகளில் பெரும்பாலானவை மெலனோமாவோடு சம்பந்தமில்லாதவை. ஆனால் மற்றப் புற்றுநோய்கள் பரவுவதற்கு வழக்கமான பாதை என்று ஒன்று உண்டு. மெலனோமாவுக்கு அப்படிக் கட்டுப்பாடு கிடையாது. சிறுகுடல், மண்ணீரல், இதயத் தசை, தோலடிக் கொழுப்பு என்று எங்கும் போகும். பித்தப்பைக்குப் பரவும் புற்றுநோய்களில் மெலனோமாதான் முதலிடம். அதனால் வேறொருவர் படத்தில் ரேடியாலஜி டாக்டர் கண்டுகொள்ளாமல் விடும் புள்ளியைக்கூட உங்கள் படத்தில் எழுதித்தான் ஆகவேண்டும்.

முதலில் அந்தச் சொற்கள். ‘நோட்யூல்’ என்றால் சிறு உருண்டைப் புள்ளி, ‘அடினோமா’ என்றால் புற்றில்லாத கட்டி, ‘போகல் அப்டேக்’ என்றால் ஒரே இடத்தில் ஒளிர்வு. ‘இன்டிடெர்மினேட்’ என்றால் இந்த ஒரு படத்தை வைத்து நல்லதா கெட்டதா என்று சொல்ல இயலாது என்று பொருள். சந்தேகம் இருந்தால் ‘சஸ்பிஷியஸ்’ என்றே எழுதுவார்கள். ‘லைக்லி’ என்பது பெரும்பாலும் அதுதான் என்கிறது, உறுதி இல்லை. ‘கிளினிக்கல் கோரிலேஷன்’ என்றால், உங்களை நேரில் பார்க்கும் டாக்டர் இதைச் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யட்டும் என்று பந்தை அவர் பக்கம் தள்ளுவது. அவர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டால் பந்து அங்கேயே கிடக்கும். ‘நாட் எப்.டி.ஜி. அவிட்’ என்றால் பெட் ஸ்கேனுக்காக ஊசிவழி ஏற்றும் சர்க்கரையை அந்தப் புள்ளி இழுக்கவில்லை, அதாவது படத்தில் ஒளிரவில்லை. கேட்க ஆறுதலாக இருக்கும், ஆனால் சுமார் 8 மி.மீ.க்குக் குறைந்த நுரையீரல் புள்ளி புற்றாக இருந்தாலும் பெட் ஸ்கேனில் ஒளிராமல் போகலாம். ‘ஸ்டேபிள்’, ‘அன்சேஞ்ட்’ (மாறவில்லை) என்ற சொல் இருந்தால் அதுதான் நல்ல செய்தி. அந்தச் சொல்லை எழுத வேண்டுமென்றால் டாக்டருக்குப் பழைய படம் வேண்டும்.

பழைய படத்தைத் தேடி எடுங்கள்

புதுப் புள்ளிக்கு இன்னொரு புது ஸ்கேன் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான். ஐந்து வருடம் முன்பு எடுத்த படத்திலும் அதே புள்ளி அதே அளவில் இருந்தால் பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

‘எனக்கு இதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்ததே இல்லை’ என்பவர்களுக்கும் பல நேரம் இருக்கும். சிறுநீரகக் கல்லுக்காக வயிற்றில் சிடி எடுத்தீர்களா? அதில் அட்ரீனல் சுரப்பி இரண்டும், நுரையீரலின் அடிப்பகுதியில் கொஞ்சமும் பெரும்பாலும் விழுந்திருக்கும். நெஞ்சு வலிக்காக இதயச் சிடி எடுத்திருந்தால் நுரையீரலின் நடுப்பகுதி அதில் இருக்கும். வேலையில் சேர எடுத்த மார்பு எக்ஸ்ரே 5 மி.மீ. புள்ளிக்கு உதவாது, பழைய காசநோய்த் தழும்பைக் காட்டிக்கொடுக்க உதவும்.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஒரே நோயாளியின் படங்கள் நான்கு இடத்தில் சிதறிக் கிடப்பது வழக்கம்: காப்புறுதி அட்டையில் எடுத்தது தனியார் மருத்துவமனையில், அறுவை ஜாலான் பஹாங் பெரியாஸ்பத்திரியில், பெட் ஸ்கேன் புத்ராஜெயா தேசியப் புற்றுநோய்க் கழகத்தில், பினாங்குக்காரர் என்றால் ஜாலான் ரெசிடென்சி ஆஸ்பத்திரியில். ஓர் இடத்துக் கணினியில் இருப்பது இன்னோர் இடத்து டாக்டருக்குத் தானாகத் தெரியும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

கேட்கும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது, ‘டைகாம் படங்கள் குறுந்தட்டில் வேண்டும்’ என்று கேளுங்கள். டைகாம் என்பது கணினியில் திறந்து அளக்கக்கூடிய மூலப் படம். பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவை வைத்து யாரும் மில்லிமீட்டர் அளக்க முடியாது. தட்டு கைக்கு வந்ததும் ஒரு கணினியில் போட்டுத் திறந்து பாருங்கள். காலியாக இருக்கும் தட்டும், நான்கைந்து படம் மட்டும் ஏற்றிய தட்டும் அதிசயமில்லை. பெயருக்குக் கீழே ஐ.சி. (அடையாள அட்டை) எண் சரியா என்றும் பாருங்கள். நம் பெயர்கள் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) சேர்ந்தும் சேராமலும், ஓரிடத்தில் ‘லெட்சுமி’, ஓரிடத்தில் ‘லட்சுமி’ என்றும் பதிவாகும். கணினி அவற்றை இரண்டு ஆளாக எடுத்துக்கொள்ளும்.

புதுப் படம் எடுப்பதற்கு முன்பே பழைய தட்டைக் கொடுத்துவிடுங்கள். ரிப்போர்ட் எழுதி முடித்த பிறகு கொடுத்தால், ‘அடெண்டம்’ என்ற சேர்க்கைக் குறிப்பு எழுதும்படி டாக்டர் மூலம் கேட்க வேண்டிவரும்.

சில புள்ளிகள் தயாரிப்பில் பிறக்கின்றன

பெட் ஸ்கேனில் ஊசிவழி செலுத்துவது கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை. எந்தச் செல் பசியோடு இருக்கிறதோ அது அதை இழுக்கும். புற்றுநோய்ச் செல் இழுக்கும். ஆறும் புண், வேலை செய்த தசை, கிருமியோடு போராடும் நெறி எல்லாம் இழுக்கும். ஆகவே ஸ்கேனுக்கு முந்தைய இரண்டு நாள் நடத்தையே சில ‘எதிர்பாராத’ புள்ளிகளுக்குக் காரணம்.

ஸ்கேனுக்கு முந்தின நாள் சோறு, தோசை, ரொட்டிச் சானாய், தே தாரிக் குறையுங்கள். முட்டை, மீன், கோழி, கீரை போதும். ஸ்கேனுக்கு முன் குறைந்தது 6 மணி நேரம் வெறும் தண்ணீர் மட்டும். ரத்தச் சர்க்கரை 11 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் பல இடங்களில் வேறு நாள் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். உடம்பில் ஏற்கெனவே சர்க்கரை நிறைய ஓடினால், செலுத்திய சர்க்கரைக்கு இடம் கிடைக்காது.

இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. மெட்பார்மின் மாத்திரை குடல் முழுவதையும் ஒளிரச் செய்யும். அந்த வெளிச்சத்தில் சிறுகுடலில் பரவிய மெலனோமாவோ, பெருங்குடல் கட்டியோ மறைந்துபோகும். 48 மணி நேரம் நிறுத்தச் சொல்வது இதனால்தான். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். இன்சுலின் போட்ட சூட்டோடு போனால் சர்க்கரை எல்லாம் தசைக்குள் போய், படம் முழுக்கத் தசையாகத் தெரியும். காலை ஊசி எத்தனை மணிக்கு என்பதை நாள் குறிக்கும்போதே கேளுங்கள். தொப்புளைச் சுற்றி இன்சுலின் குத்திய இடங்களும் தோலடியில் சின்னச் சின்னதாய் ஒளிரும். மெலனோமா தோலடியில் பரவும் பழக்கம் உள்ளது என்பதால் அந்தப் புள்ளிகளை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தைப்பூசம் முடிந்த கையோடு ஸ்கேன் நாள் விழுந்தால் மாற்றிக்கொள்வது உத்தமம். பத்துமலையின் 272 படி ஏறினாலும் தண்ணீர்மலை ஏறினாலும் மறுநாள் தொடையும் கெண்டைக்காலும் ஒளிரும். 24 மணி நேரமாவது கடும் உழைப்பு கூடாது. அலகு குத்திய முதுகும் நாக்கும் ஆறும்வரை புண்தான். நாள் மாற்ற வழியில்லையென்றால் எங்கெங்கே குத்தியது என்று எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுக்க வெட்கப்பட்டு, பிறகு முதுகில் பயாப்சி எடுத்துக்கொள்வதில் என்ன லாபம்?

ஊசி போட்ட பின் ஒரு மணி நேரம் அமைதியாகப் படுத்திருக்கச் சொல்வார்கள். பக்கத்துப் படுக்கைக்காரரோடு பேசினால் குரல்வளைத் தசை ஒளிரும். வெற்றிலையோ சூயிங்கமோ மென்றால் தாடை ஒளிரும். அறை ஏர்கான் குளிரில் நடுங்கினால் கழுத்திலும் தோளிலும் உள்ள பழுப்புக் கொழுப்பு சூடு உண்டாக்கக் கிளம்பி, நெறி கட்டியது போலவே காட்டும். போர்வை எடுத்துப் போங்கள்.

தாதியிடம் இரண்டு விஷயம் வாய் திறந்து சொல்லுங்கள். மெலனோமா வலது கையில் இருந்தது என்றால் ஊசியை இடது கையில் போடச் சொல்லுங்கள். மருந்து ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் அந்தப் பக்க அக்குள் நெறி ஒளிரும். அது கசிவா பரவலா என்று தெரியாமல் எல்லோரும் தவிப்பார்கள். அடுத்தது, கால் மெலனோமா என்றால் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை படம் வேண்டும். வழக்கமான பெட் ஸ்கேன் நடுத்தொடையோடு நின்றுவிடும். படிவத்தில் ‘ஹோல் பாடி, வெர்டெக்ஸ் டு டோஸ்’ என்று டாக்டர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். நம்மவர்களுக்கு மெலனோமா வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருவது அதிகம். அந்தக் காலையே விட்டுவிட்டு ஸ்கேன் எடுத்து என்ன பயன்?

தடுப்பூசி போட்ட தேதி, எந்தக் கை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சளிக்காய்ச்சல் ஊசியும் கோவிட் ஊசியும் போட்ட பக்க அக்குளில் வாரக்கணக்கில் நெறி ஒளிரும். முடிந்தால் ஊசிக்கும் ஸ்கேனுக்கும் 6 வாரம் இடைவெளி விடுங்கள். ஊசியை மெலனோமா இல்லாத பக்கக் கையில் போட்டுக்கொள்ளுங்கள்.

நுரையீரல்

அதிகம் குழப்புவது இதுதான். நுரையீரல் புள்ளி பற்றி இணையத்தில் தேடினால் 2017ஆம் ஆண்டு பிளைஷ்னர் வழிகாட்டி வந்து நிற்கும், 6 மி.மீ.க்குக் கீழே என்றால் பெரும்பாலும் தொடர் ஸ்கேன் வேண்டாம் என்று படித்துவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவருக்கு அது பொருந்தாது என்று அந்த வழிகாட்டியிலேயே இருக்கிறது. மெலனோமா உள்ளவருக்கு 5 மி.மீ. புள்ளி என்றாலும் பொதுவாக 3 மாதம் கழித்து நெஞ்சுச் சிடி எடுத்துப் பார்ப்பார்கள்.

சுண்ணாம்பு படிந்து கெட்டியானது, உள்ளே கொழுப்பு உள்ளது, நுரையீரல் மடிப்பை ஒட்டி முக்கோணமாக இருப்பது ஆகியவை பெரும்பாலும் தொல்லை இல்லாதவை. மேல் மடல் தழும்பு என்றால் மலேசியாவில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். காசநோய் பெட் ஸ்கேனில் புற்றுநோய் போலவே ஒளிரும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் சொல்லிவிடுங்கள். காசநோய்ச் சந்தேகம் இருக்கும்போது, சளிப் பரிசோதனை செய்யாமல் வேறு எதற்காகவும் ஸ்டீராய்டு தொடங்குவது ஆபத்து.

வளர்ந்ததா இல்லையா என்பதில்தான் தவறு நடக்கிறது. முதல் ரிப்போர்ட்டில் 5, அடுத்ததில் 6 என்றால் வீடே கலங்கிவிடும். சிடியில் இவ்வளவு சிறிய புள்ளியை அளக்கும்போது 1 முதல் 2 மி.மீ. வரை கைப்பிழை உண்டு. இன்னொரு பக்கம், உருண்டையான புள்ளியின் விட்டம் 5லிருந்து 6.3 ஆனாலே கன அளவு இரட்டிப்பாகிவிட்டது. எனவே ஒரு மில்லிமீட்டரை வைத்துப் பயப்படவும் முடியாது, அலட்சியம் செய்யவும் முடியாது. இரண்டு ஸ்கேனும் ஒரே மாதிரி எடுக்கப்பட்டனவா என்று கேளுங்கள். முன்பு 5 மி.மீ. துண்டுகளாக எடுத்த படத்தில் கண்ணுக்குத் தப்பியது, இப்போது 1 மி.மீ. துண்டில் ‘புதிதாக’ முளைத்தது போல் தெரியும். தொடர் ஸ்கேனை முடிந்தவரை அதே இடத்தில், அதே தடிமனில் எடுங்கள்.

நெறிகள்

நெறி எங்கே கட்டியது என்பதைவிட, மெலனோமா இருந்த இடத்திலிருந்து நிணநீர் எங்கே வடிகிறது என்று பாருங்கள். வலது உள்ளங்கால் மெலனோமாவுக்கு வலது தொடை இடுக்குதான் முதல் நிறுத்தம். அங்கே நெறி ஒளிர்ந்தால் அதைத் ‘தற்செயல்’ என்று ஒதுக்கக் கூடாது. அதே ஆளுக்கு இடது அக்குளில் ஒளிர்ந்து, இடது கையில் மூன்று வாரம் முன்பு தடுப்பூசி போட்டிருந்தால் கதை வேறு.

சிக்கல் என்னவென்றால், தொடை இடுக்கு நெறி பலருக்கும் சாதாரணமாகவே இருக்கும்: சேற்றுப்புண், விரலிடுக்குப் பூஞ்சை, ஆறாத இனிப்பு நீர்ப் புண். முதலில் கால்விரல் இடுக்கைப் பார்த்துச் சிகிச்சை எடுங்கள், ஆனால் அதற்காக நெறிச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அல்ட்ராசவுண்டில் நெறி அவரை விதை வடிவில், நடுவில் கொழுப்பு வெள்ளையாகத் தெரிந்தால் நல்ல அறிகுறி. உருண்டு, அந்த வெள்ளை அழிந்திருந்தால் ஊசிச் சோதனை.

மற்ற உறுப்புகள்

தைராய்டில் ஒரே இடத்தில் ஒளிர்வு என்றால் விட்டுவிடாதீர்கள். இப்படி ஒற்றைப் புள்ளியாக ஒளிர்பவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று புற்றாக இருக்கிறது. பெரும்பாலும் மெலனோமா இல்லை, தைராய்டிலேயே தோன்றியது. கழுத்து அல்ட்ராசவுண்டு, 1 செ.மீ.க்கு மேல் என்றால் ஊசிச் சோதனை. சுரப்பி முழுதும் சமமாக ஒளிர்ந்தால் அழற்சி, தைராய்டு வேலையைக் காட்டும் டி.எஸ்.எச். ரத்தச் சோதனை போதும்.

அட்ரீனலுக்கு மருந்து ஏற்றாத சிடியில் அடர்த்தி எண் பார்க்கச் சொல்லுங்கள். 10 ஹவுன்ஸ்பீல்ட் அலகு அல்லது அதற்குக் கீழே, ஒரே சீராக இருந்தால் கொழுப்பு நிறைந்த சாதாரணக் கட்டி. அதற்கு மேல் என்றால் பெட் ஸ்கேனோடு ஒப்பிட வேண்டும். எண் எதுவானாலும் ஹார்மோன் பார்க்க வேண்டும். இரவு 11 மணிக்கு 1 மி.கி. டெக்சாமெத்தசோன் விழுங்கி, காலை 8 மணிக்குக் கார்டிசோல் (அட்ரீனல் சுரக்கும் ஹார்மோன்) பார்க்க ரத்தம் கொடுப்பது முதல் சோதனை. ஏற்கெனவே ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவருக்கு இந்தச் சோதனை பொய் சொல்லும், முன்கூட்டியே சொல்லுங்கள். ரத்தக் கொதிப்பு இருந்தால் ஆல்டோஸ்டிரோனும் ரெனினும். இதில் மீறக்கூடாத ஒன்று: அடர்த்தி எண் கூடுதலான அட்ரீனல் கட்டியில் மெட்டநெப்ரின் சோதனை பார்க்காமல் ஊசி குத்த விடாதீர்கள். அது பியோகுரோமோசைட்டோமாவாக (ரத்தக் கொதிப்பை ஏற்றும் ஹார்மோனைச் சுரக்கும் கட்டி) இருந்தால் குத்திய நொடியில் ரத்தக் கொதிப்பு எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

பெருங்குடலில் ஓர் இடம் மட்டும் ஒளிர்ந்தால் கொலனோஸ்கோப்பி. சிறுகுடலில் ஒளிர்ந்து, கூடவே ரத்தசோகையும் கறுத்த மலமும் என்றால் மெலனோமாவை முதலில் நினைக்க வேண்டும். ஈரல் நீர்க்கட்டி, சிறுநீரக நீர்க்கட்டி எல்லாம் வயதோடு வருபவை. ரிப்போர்ட்டில் ‘சிம்பிள்’ என்று இருந்தால் அடுத்த வரிக்குப் போங்கள். ஈரலில் தெளிவில்லாத புள்ளி என்றால் எம்.ஆர்.ஐ. மாதவிடாய் நிற்காத பெண்ணுக்குக் கருப்பையும் சினைப்பையும் நாள் கணக்குப்படி ஒளிரும், கடைசி மாதவிடாய்த் தேதியைச் சொல்லுங்கள். நின்ற பிறகு சினைப்பை ஒளிர்ந்தால் சோதிக்க வேண்டும்.

மூளை எப்போதும் சர்க்கரை தின்பதால் பெட் ஸ்கேன் அங்கே குருடு. பரவல் சந்தேகம் உள்ளவருக்குத் தனியாக எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். அதில் வயதானவருக்குத் தெரியும் வெள்ளைத் திட்டுகள் பெரும்பாலும் ரத்தக் கொதிப்பின் வேலை.

இம்யூனோதெரபி நடக்கும்போது

பெம்புரோலிசுமாப், நிவோலுமாப், இபிலிமுமாப் மருந்துகள் நோய் எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்புபவை. அதன் அடையாளம் ஸ்கேனில் விழும். இரண்டு நுரையீரல் வேர்களிலும் இடமும் வலமும் ஒத்தாற்போல் நெறி ஒளிர்ந்தால் சார்கொய்டு போன்ற எதிர்வினை (புற்றில்லாத அழற்சி) என்று நினைக்க இடமுண்டு. காசநோயும் அங்கே நெறி கட்டும் என்பதால் தேவைப்பட்டால் மூச்சுக்குழாய் வழி ஊசிச் சோதனை செய்து உறுதிப்படுத்துவார்கள். தொடக்க மாதங்களில் கட்டி பெரிதானது போல் தெரிந்து பிறகு சுருங்குவதும் உண்டு. உடம்பு நன்றாக இருக்கும்போது ஒரே ஸ்கேனை வைத்து மருந்தை நிறுத்தாமல், 4 முதல் 8 வாரம் கழித்து மீண்டும் பார்க்கிறார்கள்.

பிட்யூட்டரி (மூளையடிச் சுரப்பி) ஒளிர்வு, அட்ரீனல் இரண்டும் வீங்கியது, பெருங்குடல் முழுதும் அழற்சி ஆகியவை மருந்தின் பக்கவிளைவை முன்கூட்டியே காட்டித் தருபவை. தலைவலி, தள்ளாத சோர்வு, வாந்தி, தலைசுற்றல் சேர்ந்து வந்தால் கார்டிசோல் விழுந்திருக்கலாம். அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், என்ன மருந்து ஏறுகிறது என்பதை முதல் வாக்கியத்தில் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் ‘பல்மனரி எம்போலிசம்’ என்று இருந்தாலும் அதே அவசரம். நுரையீரல் ரத்தக் குழாயை அடைக்கும் உறைந்த ரத்தம் அது, மூச்சு சரியாக இருந்தாலும் அன்றே போக வேண்டும்.

நோட்டு ஒன்று போடுங்கள்

தோல் டாக்டர் மெலனோமாவைப் பார்ப்பார், அறுவை டாக்டர் காயத்தைப் பார்ப்பார், அட்ரீனல் யாருடைய பொறுப்பு என்று யாருக்கும் தெரியாது. அதனால் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி ஒரு புள்ளிக்கு ஒரு வரி எழுதுங்கள்: தேதி, எந்த உறுப்பு, எத்தனை மி.மீ., எந்த டாக்டர் பார்க்கிறார், அடுத்த சோதனை என்றைக்கு. கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் வரியைக் காட்டி, ‘இதுக்கு யார்கிட்ட போகணும், சூராட் (கடிதம்) தர்றீங்களா?’ என்று கேளுங்கள். கூடவே, ‘இது என்னன்னு தெரிஞ்சா சிகிச்சை மாறுமா?’ என்றும் கேளுங்கள். மாறாது என்றால் ஊசி குத்திக்கொள்ள அவசரம் இல்லை.

இதே காரணத்தால்தான் அறிகுறி எதுவும் இல்லாத முதல் நிலை மெலனோமாவுக்கும், பேசல் செல் வகைத் தோல் புற்றுக்கும் ‘மனசுக்கு நிம்மதி’ என்று சொந்த வெள்ளியைக் கொட்டிப் பெட் ஸ்கேன் எடுப்பது வேண்டாத வேலை. கிடைப்பது பெரும்பாலும் நிம்மதி இல்லை, இந்த நோட்டில் எழுத மூன்று வரி.

பயாப்சி எடுக்க முடிவானால், படிவத்தில் ‘முன்பு மெலனோமா’ என்றும், எந்த இடம், எந்த வருடம் என்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வருடங்கள் கழித்து வேறோர் ஆஸ்பத்திரியில் எடுக்கும்போது இது விடுபட்டுப்போகும். எழுதியிருந்தால்தான் ஆய்வகத்தில் எஸ்-100, சாக்ஸ்-10, மெலான்-ஏ சாயங்களைப் போட்டுப் பார்ப்பார்கள். நிறமில்லாத மெலனோமா, சாயம் போடாமல் பார்த்தால் வேறு புற்றுநோயைப் போல நடிக்கும்.

அட்ரீனல் எண் 10க்குக் கீழே, ஹார்மோன் சரி என்று வந்துவிட்டால் அதற்குத் தொடர் ஸ்கேன் தேவையில்லை. நோட்டில் அந்த வரியைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் தேதி போட்டுவிடுங்கள். அடுத்த முறை புது டாக்டர் அதையே மறுபடி கண்டுபிடிக்கும்போது காட்ட வேண்டியிருக்கும்.